ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம்

சதுரங்கப்பட்டினம்
11 ஜூன் 2001

ரோகிணிக்கு,

நீ சந்தோஷப்படலாம். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது.

ஒன்பது வருஷம் கழித்துத் தங்கைக்கு எழுதும் கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பது என்று உன் அண்ணி லதா தலையில் அடித்துக்கொள்கிறாள். வேறு எப்படி ஆரம்பிக்க? நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் அது பொய். நலமும் இல்லை, உன் நலத்தை அறியும் ஆவலும் நேற்றுவரை இல்லை.

விஷயம் இதுதான். ஆறேழு மாதமாக ரத்தம் போகிறது. மூலம் என்று நினைத்தேன். சிரிக்காதே. அப்பாவுக்கும் மூலம் என்றுதான் நாட்டு மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் பதினாறாம் நாள் காரியத்தில், ஊரே உட்கார்ந்திருக்க, "அப்பாவைக் கொன்னது நீதான்" என்று கத்தினாய். "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று நானும் கத்தினேன். நீ சொன்னதைச் செய்கிறவள், மிதிக்கவில்லை.

செங்கல்பட்டு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். பெருங்குடலில் வலது பக்கம் கட்டி. புற்றுதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. அப்பா போனது ஐம்பத்தெட்டில். தாத்தா அதற்கும் முன்னால், "வயிற்று வலியில்".

ஊரில் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு. அணு ஆராய்ச்சியில் வேலை, அதனால் வந்தது. மீன்காரி முனியம்மா, "இன்னா சார், உங்க மிஷினுங்க பண்ண வேலைன்னு பேசிக்கினு கீறாங்களே" என்று வாசலிலேயே துக்கம் விசாரித்தாள். இருபது வருஷமாகக் கதிர்வீச்சு அளக்கும் கருவிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். என் சட்டையில் குத்தும் பட்டையில் என்ன பதிவாகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை. தாத்தா நெல் வியாபாரி, அப்பா கோதண்டராமன் போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா. அவர்கள் எந்த உலைக்குப் பக்கத்தில் போனார்கள்?

ஜெர்மனியில் நீ குடல் கட்டிகளைத்தான் ஆராய்கிறாய் என்று உன்னோடு படித்த ராஜேந்திரன் சொன்னான். எனக்கு ஒரே கேள்வி. ஆபரேஷன் என்கிறார்கள். செய்துகொள்ளட்டுமா, அல்லது உங்களிடம் அதைவிட நல்லது ஏதாவது இருக்கிறதா? கடிதமாகவே பதில் போடு. போன் வேண்டாம். போனில் அந்த நிமிஷமே சண்டை வந்துவிடும். கடிதத்தில் சண்டை போய்ச் சேர பத்து நாளாகும், அதற்குள் கொஞ்சம் ஆறிவிடும்.

தாமோதரன்


ஃப்ரைபர்க்
22 ஜூன் 2001

அண்ணா,

ஆபரேஷன். உடனே. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் தேதி வாங்கு, பிறகு மீதியைப் படி.

"சந்தோஷப்படலாம்" என்று எழுதின விரலை ஒடிக்கலாம் போலிருந்தது. பிறகு ஆய்வகத்துக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்காகத்தான். உன்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.

எங்களிடம் இன்று உனக்குக் கொடுக்க மருந்து இல்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். என்ன தேடுகிறோம் என்று சொல்கிறேன், நீ கருவிக்காரன், உனக்குப் புரியும். உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன்னுள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை மேலே எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். டி செல் என்ற வெள்ளை அணுக்கள் ரோந்து வந்து அவற்றைத் தொட்டுப் பார்க்கும். நல்ல செல் எதுவும் காட்டாத, கட்டி மட்டும் காட்டுகிற துண்டு ஒன்று கிடைத்தால் அதுதான் எங்களுக்கு வேண்டிய ஆன்டிஜென். அதையே ஊசியாகப் போட்டு, "இதைக் காட்டுகிறவனை விடாதே" என்று டி செல்களை உசுப்பிவிடலாம். ஏழு வருஷமாக என் பிழைப்பு இந்தத் தேடல்தான். இங்கே ஆஸ்பத்திரியில் சிலருக்கு மட்டும் சோதனைச் சிகிச்சையாகப் போட்டுப் பார்க்கப் பேச்சு நடக்கிறது. எப்போது என்று தெரியாது.

அதனால் உன் கட்டியில் ஒரு துண்டு எனக்கு வேண்டும். சுண்டைக்காய் அளவு போதும். ஆனால் வெட்டி எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் பழக்கதோஷத்தில் ஃபார்மலின் பாட்டிலில்தான் போடுவார்கள். அதில் விழுந்தால் எனக்கு உதவாது. ரத்தத்தை ராஜேந்திரன் தன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்து உறைய வைப்பான், சொல்லிவிட்டேன். அங்கிருந்து நைட்ரஜனை வெளியே தரமாட்டார்களாம், ஆபரேஷன் வாசலுக்கு அதைக் கொண்டுவர நீதான் வழி பார்க்க வேண்டும்.

உன் பெண் பிரதீபா எந்த வகுப்பு இப்போது? நான் பார்த்தபோது பல் விழுந்த வாயோடு இருந்தாள்.

ரோகிணி


சதுரங்கப்பட்டினம்
3 ஆகஸ்ட் 2001

ரோகிணி,

ஆபரேஷன் முடிந்தது. ஒரு முழம் குடல் போயிற்று. உட்கார்ந்தால் வலிக்கிறது, படுத்தால் மனசு ஓடுகிறது, அதனால் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். தரை தேய்ந்துவிடும் என்கிறாள் லதா.

உன் நைட்ரஜன் கதையைக் கேள். எங்கள் நிலையத்தில் குளம் குளமாக இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டு வெளியே கொண்டுபோகப் பத்துக் கையெழுத்து வேண்டும், கேட்டவன் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவான். திடீரென்று பொறி தட்டியது. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறார்களே, காளை விந்தை எதில் வைக்கிறார்கள்? திருக்கழுக்குன்றம் கால்நடை மருத்துவமனையில் ஏசுபாதம் என்று ஒரு கம்பவுண்டர், அப்பாவுக்குத் தெரிந்தவர். போய்க் கேட்டேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் சொல்ற? இது ஜெர்சி காளை சரக்கு வெக்கிற கேனு. உன் வயித்துக் கட்டிய இதுல போடறதா? நாளைக்கி மாட்டுக்கு எதனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"மூடி போட்ட குப்பி ஏசுபாதம், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது."

"ஒட்டாது சரி. பேஜாரா கீதே சார்." கொஞ்ச நேரம் காதைக் குடைந்தார். "உன் நைனா எங்கம்மா மணியார்டர ஒரு நாள் கூட லேட் பண்ணதில்ல. வா, எடுத்துக்கினு போலாம்."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் கேனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு நர்ஸ் டீ கேனென்று நினைத்து டம்ளரை நீட்டினாளாம். சர்ஜன் நல்லவர், நான் மயக்கத்துக்குப் போகும்வரை ஃபார்மலின், ஃபார்மலின் என்று புலம்பியதை மறக்காமல், துண்டை அவரே வெளியே அனுப்பிவிட்டார்.

வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வர மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை உன் அண்ணன் காளைகளோடுதான் வாசம்.

பிரதீபா பிளஸ் ஒன்.

தாமோதரன்


ஃப்ரைபர்க்
25 ஜனவரி 2002

அண்ணா,

பெட்டி ஒருவழியாக டிசம்பரில் வந்தது. குப்பியின்மேல் யாரோ பழக்கத்தில் "ஜெர்சி 2" என்று ஒட்டியிருந்தார்கள். எங்கள் தலைவர் அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார். ஏசுபாதத்துக்கு என் நமஸ்காரம் சொல். துண்டு அப்படியே புதுசாக இருந்தது.

இனி விஷயம். செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுவை நகல் எடுக்கும். நகலில் எழுத்துப் பிழை வந்தால் திருத்துவதற்கு உடம்பில் ஆள் உண்டு. உன் கட்டியில் அந்தத் திருத்துகிற ஆள் இல்லை. பிறவியிலேயே பாதி பழுது. அப்பாவிடமிருந்து உனக்கு, தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு. முனியம்மாவிடம் சொல், உன் மிஷின் நிரபராதி.

இதில் நல்லதும் இருக்கிறது. பிழை திருத்தாததால் உன் கட்டி எந்த நல்ல உடம்பிலும் இல்லாத, தாறுமாறான புரதங்களைச் செய்கிறது. இந்தப் பழுது உள்ள கட்டிகளில் பிழை பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் விழும். டி செல்லுக்கு அது சட்டென்று கண்ணில் படும். நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் புகுந்து புறப்பட்டிருக்கின்றன. இந்த வகைக் கட்டி வந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் இருக்கிறார்கள். எனக்கு ஆன்டிஜென் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம்.

கெட்டது, இது பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி போகும். பிரதீபாவுக்கு இருபத்தைந்து ஆனதும் வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஒன்றுமே இல்லை. அவளிடம் இப்போதே சொல்லி வை.

ரோகிணி


சதுரங்கப்பட்டினம்
9 பிப்ரவரி 2002

ரோகிணி,

சொல்ல முடியாது.

கெமிஸ்ட்ரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய், "உங்கப்பன் குடல்ல இருக்கிறது உனக்கும் பாதி வாய்ப்பு" என்று சொல்லச் சொல்கிறாயா? நாலு வருஷத்தில் வரன் பார்க்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவன் ஜாதகத்தைவிடக் குடும்பத்தில் என்ன வியாதி என்றுதான் துருவுவான். எனக்கு அல்சர் ஆபரேஷன் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறோம். இதை நீ ஜெர்மன் பாஷையில் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்று. உலகத்துக் குடலையெல்லாம் பற்றி எழுதுகிறாய். அப்பாவுக்குப் பிள்ளைகள் நாம் இரண்டு பேர். உன் குடலைப் பற்றி ஒரு வரி இல்லையே, ஏன்? நீ குழாய் விட்டுப் பார்த்தாயா?

தாமோதரன்


ஃப்ரைபர்க்
1 மார்ச் 2002

அண்ணா,

எனக்கு நேரமில்லை. உண்மையிலேயே இல்லை. காலையில் ஏழு மணிக்கு உள்ளே போனால் வெளியே வரும்போது கடைகளை மூடியிருப்பார்கள். உன் கட்டியிலிருந்து இதுவரை பதினோரு துண்டுகளைப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் உன் டி செல்களுக்குக் காட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நடுவில் என் வயிறா முக்கியம்? எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிறது. இந்த வேலை முடியட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

பிரதீபா விஷயத்தில் நீ செய்வது தப்பு. அல்சராம், அல்சர். அன்றைக்கு மூலம், இன்றைக்கு அல்சர். பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் வியாதி குழம்பிப்போய்த் திரும்பிவிடும் என்று நினைப்பா?

ரோகிணி


சதுரங்கப்பட்டினம்
17 செப்டம்பர் 2002

ரோகிணி,

ஆறு மாதமாக நான் எழுதவில்லை. உன் கடைசிக் கடிதம் அப்படி. இப்போது மானம் ரோஷம் பார்க்க நேரமில்லை.

ஸ்கேனில் ஈரலில் புள்ளி தெரிகிறது. ஒன்றல்ல. வெட்டி எடுக்க முடியாத இடம் என்கிறார்கள். கீமோ கொடுக்கிறார்கள், வாய் வெந்து கிடக்கிறது, புள்ளி அசையவில்லை. சாயங்காலம் டச்சுக் கோட்டை வரை நடக்கிறேன். அங்கே உட்கார முடிவதில்லை, உடனே திரும்பிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால் மறுபடி கிளம்பத் தோன்றுகிறது. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

நீ சொன்ன சோதனைச் சிகிச்சை, அதில் எனக்கு இடம் உண்டா? நேராகச் சொல். எனக்கு வாழ ஆசையாக இருக்கிறது ரோகிணி. இவ்வளவு ஆசை இருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

தாமோதரன்


ஃப்ரைபர்க்
4 அக்டோபர் 2002

அண்ணா,

நேராகவே சொல்கிறேன். இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

சோதனைச் சிகிச்சை வசந்த காலத்தில் தொடங்குகிறது. இடம் இருக்கிறது. ஆனால் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் அவர் கட்டியில் மட்டும் உள்ள ஆன்டிஜென் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். உடம்பின் நல்ல பாகமும் அதைக் காட்டினால், ஊசி போட்டதும் டி செல்கள் நல்ல குடலையும் சேர்த்துத் தாக்கும். அதனால் ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேர் ரத்தத்தில் வைத்துப் பார்ப்போம். நோயாளியின் ரத்தம், ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம். நோயாளியின் டி செல் மட்டும் துள்ள வேண்டும். ஆரோக்கியமான ஆளுடையதும் துள்ளினால் அது எல்லா உடம்பிலும் இருக்கிற ஏதோ ஒன்று, தள்ளிவிட வேண்டும்.

உன் பதினோரு துண்டுகளில் மூன்று அபாரம். உன் டி செல்கள் தட்டு நிறையப் பொங்கின. அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்த மூன்றுக்கும் ஆரோக்கியமான ரத்தமும் துள்ளுகிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதே முடிவு. மூன்றையும் தள்ளிவிட்டேன். மீதி எட்டும் சவம் மாதிரிக் கிடக்கின்றன.

உனக்குக் கொடுக்க என் கையில் ஒன்றுமில்லை அண்ணா. மறுபடி முதலிலிருந்து தேடுகிறேன். நீ கீமோவை விடாதே.

ரோகிணி


சதுரங்கப்பட்டினம்
16 அக்டோபர் 2002

ரோகிணி,

உன் கடிதத்தைப் படித்ததும் லதா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது. தொழில் புத்தி.

யார் அந்த ஆரோக்கியமான ஆள்? அவர் ஆரோக்கியமானவர் என்று யார் சோதித்துக் கையெழுத்துப் போட்டது?

தாமோதரன்


ஃப்ரைபர்க்
28 அக்டோபர் 2002

அண்ணா,

நான்தான்.

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? எல்லா ஆய்வகத்திலும் வழக்கம் இது. நார்மல் ரத்தம் வேண்டுமென்றால் யாராவது ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம். என் செல்கள் நன்றாக வளரும் என்பதால் நாலு வருஷமாக உறைபெட்டியில் என் குப்பிகள்தான் நார்மல். அதுவுமில்லாமல் உன் சோதனைக்கு நானே மிகப் பொருத்தம். திசு வகை ஒத்துப்போக வேண்டும், உன்னுடையதும் என்னுடையதும் ஒன்று. வெளியே தேடினால் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம்.

ராவும் பகலும் உனக்காக மாரடிக்கிறேன். வேலை தெரியாதவளிடம் கேட்பதுபோல் கேட்காதே. வருத்தமாக இருக்கிறது.

ரோகிணி


சதுரங்கப்பட்டினம்
8 நவம்பர் 2002

ரோகிணி,

எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படி.

நான் பி.எஸ்ஸி. படித்தபோது சோதனைச்சாலையில் ஒரு நாள் கதிரியக்கம் அளக்கக் கொடுத்தார்கள். முதலில் மாதிரியை வைக்காமல் வெறும் மேஜையை அளக்க வேண்டும். எங்கும் இருக்கிற கதிர்வீச்சு அதில் பதிவாகும். பிறகு மாதிரியை வைத்து அளந்து, முன்னதைக் கழிக்க வேண்டும். கழித்தேன். மாதிரியில் ஒன்றுமே இல்லை என்று வந்தது. மறுபடி செய்தேன், மறுபடி ஒன்றுமில்லை. வெறும் மேஜையை அளக்கும்போதெல்லாம் வாத்தியார் அதில் கையூன்றி நின்று என்னைத் திட்டுவார், மாதிரியை வைத்ததும் விலகிப் போய்விடுவார். கடைசியில் பார்த்தால் அவர் கையில் கட்டியிருந்தது பழைய ரேடியம் வாட்ச். வெறும் மேஜை என்று நான் அளந்தது அவர் வாட்சை. மாதிரியில் இருந்ததையெல்லாம் அந்த வாட்ச் கழித்துவிட்டது. அவரைச் சந்தேகப்பட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

உன் தட்டில் அந்த வாட்ச் நீ.

நீயே எழுதியிருக்கிறாய், இது பாதிக்குப் பாதி என்று. நம் இருவரில் ஒருவனுக்கு வந்தாயிற்று. நீ குழாய் விட்டுப் பார்க்கவில்லை. பார்க்காத ஆளை ஆரோக்கியமான ஆள் என்று வைத்து என்னைக் கழித்திருக்கிறாய். எந்த நல்ல உடம்பிலும் இல்லாத புரதம் என்று சொன்னாயே, அதை உன் டி செல்கள் எங்கே பார்த்தன? ஒரு தடவை பார்க்காமல் துள்ளுமா?

இதை எழுதக் கை வரவில்லை. நான் சொல்வது சரியென்றால் அந்த மூன்றும் நிஜம், எனக்கு ஊசி உண்டு, ஆனால் உன் வயிற்றில் ஏதோ இருக்கிறது. நான் சொல்வது தப்பென்றால் நீ நன்றாக இருக்கிறாய், நான் போய்விடுவேன். என் கணக்கு சரியாக வரவேண்டும் என்றே இருபது வருஷம் வேலை பார்த்தேன். நேற்று திருப்போரூருக்குப் போய், இந்த ஒரு கணக்கு தப்பாகிவிட வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்தேன். பாதி மனசோடுதான் வேண்டினேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

போய்ப் பார்த்துக்கொள். உடனே.

அண்ணன்


ஃப்ரைபர்க்
12 டிசம்பர் 2002

அண்ணா,

முருகன் உன் பேச்சைக் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று கோபத்தில் அதை இழுப்பறையில் போட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் கெஞ்சி, அதே திசு வகையுள்ள இரண்டு அந்நியர்களின் ரத்தம் வாங்கி வந்தேன். உன்னைப் பொய்யாக்கத்தான். அந்த மூன்று துண்டுகளையும் வைத்தேன். இரண்டு தட்டும் வெறிச்சென்று இருந்தன. என் தட்டு மட்டும் பொங்கி நின்றது. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நாலு வருஷமாக என் ரத்தம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை வைத்து வேறு யாருடைய நல்ல துண்டுகளையெல்லாம் தள்ளினேன் என்று இப்போது ஒவ்வொன்றாகத் தோண்டுகிறோம். தலைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். வலது பக்கம், நெல்லிக்காய் அளவு. புற்றுதான். வெளியே பரவின அடையாளம் இல்லை.

இப்போது நல்ல செய்தி. மூன்றும் நிஜ ஆன்டிஜென். கமிட்டி ஒப்புக்கொண்டுவிட்டது. உனக்கு இடம் உண்டு. ஒப்புதல் பத்திரம் இத்துடன் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு அனுப்பு, விசாவுக்கு ஆஸ்பத்திரியே கடிதம் தரும். ஊசிக்கு மருந்து தயார் செய்ய மார்ச் ஆகும். அதை நான் கூட இருந்து பார்க்க வேண்டும், அதனால் என் ஆபரேஷனை ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். நெல்லிக்காய்தானே, இருக்கும்.

ரோகிணி


சதுரங்கப்பட்டினம்
23 டிசம்பர் 2002

ரோகிணி,

நெல்லிக்காயா? உன்னை நேரில் பார்த்தால் பளார் என்று ஒன்று வைப்பேன். அடுத்தவன் மூலம் என்று சொன்னால் ஊரைக் கூட்டுவாய். உன்னுடையது என்றால் நெல்லிக்காய்.

பத்திரம் மேஜைமேல் இருக்கிறது. பேனாவும் பக்கத்தில் இருக்கிறது. நீ ஆபரேஷன் மேஜையில் படுத்து எழுந்த செய்தி வரும்வரை கையெழுத்து விழாது. என் ஈரல் காத்திருக்காது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் முடிவு உன் கையில். மிரட்டல் என்று நினைத்தால் மிரட்டல்தான்.

லதா விசாவுக்குப் போட்டிருக்கிறாள். எனக்காக இல்லை, உன்னைப் பார்த்துக்கொள்ள. "அவளுக்கு அங்க யாரு இருக்கா, கஞ்சி வெச்சுக் குடுக்கக்கூட நாதி இல்ல" என்று நேற்றிலிருந்து ஊறுகாய் கட்டிக்கொண்டிருக்கிறாள். குடல் ஆபரேஷனுக்கு ஊறுகாய் எதற்கு என்று கேட்டால் எனக்குத் திட்டு.

பிரதீபாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். உன்னுடையதையும். நான் தடுமாறிக்கொண்டே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அத்தைக்கு ஆபரேஷன் எப்போப்பா?" என்றாள். அதுதான் முதல் கேள்வி. வரன் பார்க்க வருகிறவனிடம் அவளே சொல்லிக்கொள்வாளாம், பயந்து ஓடுகிறவன் ஓடட்டும் என்கிறாள். யார் மாதிரி என்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

நமக்குள் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை முடிக்காமல் நீ போவதும் எனக்குச் சம்மதமில்லை, நான் போவதும் சம்மதமில்லை.

அண்ணன்


ஃப்ரைபர்க்
30 ஜனவரி 2003

அண்ணா,

ஆபரேஷன் முடிந்து ஆறு நாள் ஆகிறது. படுக்கையில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து நர்சுகளுக்குத் தமிழில் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்களும் செய்கிறார்கள்.

கட்டியோடு எடுத்த நிணநீர்க் கணுக்கள், புற்று முதலில் பரவுகிற இடம், எல்லாமே சுத்தம். ஒன்றில்கூட இல்லை. ஏப்ரல் வரை விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சர்ஜனிடம் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கேட்காதீர்கள்" என்றார்.

அண்ணி போனில் செய்தி சொன்னதும் நீ கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பிய பத்திரம் நேற்று வந்தது. மருந்தும் தயாராகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தலைவர் வந்து என் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் இப்போது இந்த நோயின் நோயாளி, நீ என் கூடப்பிறந்தவன். விதிப்படி உன் ரத்தத்தை நான் தொடக் கூடாது, உன் தட்டைப் படிக்கக் கூடாது, உனக்கு ஊசி போடும் அறைக்குள்கூட நிற்கக் கூடாது. மருந்து வேலை செய்கிறதா என்று வேறு யாரோ பார்த்து, வேறு யாரோ எழுதி, உனக்குச் சொல்லும்போதுதான் எனக்கும் தெரியும். முதலில் அவரோடு சண்டை போட்டேன். அவர் சொல்வது சரி.

இந்த ஊசி உன்னைக் காப்பாற்றும் என்று எழுத எனக்கு ஆசை. தெரியாது. எலிகளில் பாதி பிழைத்தன, மனிதர்களில் இன்னும் யாருக்கும் போடவில்லை, நீதான் முதல் ஆள். பதினோரு துண்டு, மூன்று துண்டு என்று ஏதாவது செய்துகொண்டே இருந்தவரை எனக்குப் பயம் தெரியவில்லை. இப்போது கையில் ஒரு வேலையும் இல்லை. நீ வருகிற அன்று விமான நிலையத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. உன் தங்கையாக மட்டும் இருந்துகொண்டு இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பயமாக இருக்கிறது அண்ணா. சீக்கிரம் வா.

ரோகிணி